குச்சி நிற்கிறது, கன்று இல்லை

அத்தியாயம் 6

நாலாயிரம் கன்றுகளைக் கொன்ற மனிதன் புழல் சிறைப் பார்வையாளர் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, டெலிபோனை இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பேசினான்.

விரல்களால் பிடிக்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. பெயர் அப்பாவு. வயது ஐம்பதுக்கு முன்னே பின்னே. ஊர், எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய மேட்டங்குப்பம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கார்குழலி. முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர். மேலதிகாரி வாயால் சொன்ன ஓர் உத்தரவை எழுத்தில் கேட்டதால் காக்கியைக் கழற்ற வேண்டி வந்தது. இப்போது ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஒற்றை அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அவளுக்குப் பின்னால் நின்ற நான் டில்லிபாபு, உதவியாளன். ஆட்டோ என்னுடையது, மூளை அவளுடையது என்று பேட்டையில் சொல்வார்கள். பேட்டையில் எதைத்தான் சரியாகச் சொன்னார்கள்.

"நாலாயிரம் கன்னையும் நீதான் பிடுங்கினியா?" என்றாள் கார்குழலி.

"ஆமா மேடம். நான்தான்."

"எத்தனை நாள்ல?"

"ஒரே நாளு."

"எதால?"

"கையாலதான். கன்னு புடுங்கறதுக்கு கிரேனா வெப்பாங்க?"

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

"கைத்துணியைக் கொஞ்சம் அவிழ்த்துக் காட்டு."

அப்பாவு தயங்கினான். பிறகு பல்லால் கடித்து ஒரு சுற்று அவிழ்த்தான். உள்ளே இருந்ததைக் கை என்று சொல்ல மனசு வரவில்லை. கோடை ஏரியின் தரை மாதிரி பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் சிவந்து கிடந்தது.

"உப்புத்தண்ணி பட்டா?"

"உசுரு பூடும்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே பட்டிருக்க வேண்டும். துணியை அவசரமாகச் சுற்றினான். "ஆனா புடுங்கினேன். எழுதிக் குடுத்துட்டேன். அத்தோட வுடுங்க மேடம்."

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் பின்னால் ஓட்ட வேண்டும்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் எண்ணூருக்கு நேரே கடலில் இரண்டு கப்பல்கள் உரசிக்கொண்டன. ஒன்றின் வயிறு கிழிந்து கறுப்பு எண்ணெய் கொட்டியது. எவ்வளவு கொட்டியது என்று பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அது முகத்துவாரம் வழியாகக் கழிமுகத்துக்குள் வந்து மரம், வலை, நண்டு, நாரை என்று ஒன்று விடாமல் பூசிவிட்டது. அள்ளியது குப்பத்து ஆட்கள். வாளியால், மக்கால், வெறும் கையால். கையுறை ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள், டி.வி. கேமரா வந்த அன்று. சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அப்பாவு இருபத்திரண்டு நாள் அள்ளினான். அவன் கையில் இருப்பது அந்தக் கப்பல்.

அப்புறம் "மீட்பு" வந்தது. நீலக்கரை என்ற கம்பெனிக்குக் கழிமுகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை கிடைத்தது. சேற்றுத் திட்டில் நாலாயிரம் அலையாத்திக் கன்று நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி, குச்சியில் நம்பர் போட்ட பச்சைத் தகடு. போன வாரம் பார்த்தால் ஒரு கன்றுகூட இல்லை. குப்பத்துக்காரர்கள் வயிற்றெரிச்சலில் ஒரே இரவில் பிடுங்கி அழித்துவிட்டார்கள் என்று கம்பெனி புகார் கொடுத்தது. குப்பத்து ஆட்கள் யாருமே இனி கழிமுகத்தில் இறங்கக் கூடாது என்று ஒரு மனுவும் சேர்த்துக் கொடுத்தது. போலீஸ் விசாரிக்கக் கிளம்பும் முன்பே அப்பாவு ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டான். ஜாமீன் கிடைக்கவில்லை. சுற்றுச்சூழலை அழித்த வழக்காம்.

எண்ணெய் கொட்டிய கப்பலின் கேப்டன் எந்தச் சிறையில் இருக்கிறார் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.

அப்பாவுவின் மனைவி மலர்க்கொடி திங்கட்கிழமை எங்கள் மாடி ஏறி வந்தாள். "அவுரு செய்யல. வெளிய இட்டாந்து குடுங்க" என்றாள். இன்று புதன். வெள்ளிக்கிழமை மீட்பு வேலையைப் பார்வையிட ஒரு குழு வருகிறது. அவர்கள் "கன்றுகள் அழிக்கப்பட்டன" என்று எழுதிவிட்டால் அப்பாவு உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

வெளியே வந்தோம். மலர்க்கொடி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு களிம்பு டப்பா. உள்ளே கொடுக்க அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கறுத்து மெலிந்த உடம்பு. வாயின் இரண்டு ஓரத்திலும் காய்ப்புக் காய்த்த தழும்பு. வெற்றிலை போடுகிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதவரம் தாண்டி மணலி சாலையில் வண்டியை விட்டேன். முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, நடுவில் பருப்புப் பொட்டலம் மாதிரி நாங்கள் மூன்று பேர். சும்மா வர முடியாமல் வாயைக் கொடுத்தேன்.

"யம்மா, ஊட்டுக்காரரு உள்ள கீறாரு. கன்னும் பூட்ச்சி. யாருக்கு இன்னா லாபம் இதுல?"

"கன்னு இன்னா பாவம் பண்ணிச்சி" என்றாள் அவள். "அது பச்சப் புள்ள. நடும்போது நாலு எல. இப்போ ஆறு எல கீது. பாத்தாலே வவுறு நெறையும்."

நான் லாரிக்காரனைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தேன். கண்ணாடியில் கார்குழலி மட்டும் தலையைத் திருப்பி மலர்க்கொடியை ஒரு தடவை பார்த்தது தெரிந்தது. பார்த்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். அவள் வேடிக்கை பார்த்தால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

கழிமுகத்தில் நீர் வற்றத் தொடங்கியிருந்தது. சாலையிலிருந்து பார்த்தால் சேற்றுத் திட்டு முழுக்க வரிசை வரிசையாகக் குச்சிகள், காற்றில் பச்சைத் தகடுகள் ஆடிக்கொண்டிருந்தன. தெரியாதவன் பார்த்தால் அமோகமாக வளர்ந்திருக்கிறது என்றுதான் நினைப்பான். கிட்டே போனால் ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில் ஒரு குழி மட்டும்.

கார்குழலி சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிக் குனிந்தாள். ஒரு குழியில் கையை விட்டாள். அடுத்த வரிசைக்குப் போனாள். அங்கேயும் விட்டாள்.

"டில்லி, வயித்தெரிச்சல்ல அழிக்க வந்தவன் முதல்ல எதை உடைப்பான்?"

"குச்சிய. அதான் கண்ணுல குத்திக்கினு நிக்குதே."

"ஒரு குச்சிகூடச் சாயலை. குழியைப் பாரு. பிடுங்கின குழி கோணல் மாணலா இருக்கும். இது கிண்ணம் மாதிரி இருக்கு. வேரோட, மண்ணோட கையால வழிச்சு எடுத்திருக்காங்க."

"பிரியாணி எடுக்கிறா மாதிரி."

"இந்தக் குழியோட ஓரம் மழமழன்னு இருக்கு. புதுசு. கரையோரக் குழியில நண்டு குடித்தனம் வந்தாச்சு. ஒரு நாள் வேலை இல்லை இது. ஒரு மாசத்துக்கு மேல நடந்திருக்கு."

கரையில் புகாருக்கு ஆதாரமான குவியல் கிடந்தது. பிடுங்கப்பட்ட கன்றுகள், வேர் கறுத்து, தொட்டால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்தவை. போலீஸ் இதைத்தான் படம் பிடித்திருந்தது. அதைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். துப்பறியத் தெரியாவிட்டாலும் லோடு எனக்குத் தெரியும்.

"மேடம், ஆட்டோக்காரன் கணக்கு சொல்றேன். இத்த என் வண்டியில ஏத்துனா ஒரு ட்ரிப்புக்கே பத்தாது. மிஞ்சிப்போனா முந்நூறு கன்னு. நாலாயிரம்னா பத்து ட்ரிப்புக்கு மேல அடிக்கணும். பாக்கி எங்க?"

கார்குழலி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும் விஷயம் அது.

அப்போது வெள்ளை ஹெல்மெட்டும் அதைவிட வெள்ளையான ஷூவுமாக ஒருவர் கரையில் வந்து நின்றார். நீலக்கரையின் மேலாளர் பிரகாஷ். சேற்றில் காலை வைக்கவில்லை.

"மேடம், நீங்க இறங்கக் கூடாது. இது புராஜெக்ட் ஏரியா."

"ஒரே ஒரு சந்தேகம் சார். எண்ணெய் பட்டுச் செத்த மரமெல்லாம் உள்ளே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. நீங்க ஏன் இங்கே நட்டீங்க?"

"உள்ளே வண்டி போகாது மேடம். இங்கேன்னா ரோட்லேர்ந்து தெரியும். பார்வையிட வர்றவங்களுக்கும் வசதி."

"இது எறா பொறக்கற எடம்" என்றாள் மலர்க்கொடி. "இங்க எந்தக் காலத்திலயும் மரம் நின்னது கெடயாது. வெயில் நேரா அடிக்கும், கன்னு வெந்து பூடும்னு அப்பவே வந்து சொன்னேன் சார். வாசல்லயே தொரத்துனீங்க."

"இவங்களுக்கு சயின்ஸ் தெரியாது மேடம்" என்று பிரகாஷ் கார்குழலியிடம் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். மலர்க்கொடி என்று ஒருத்தி அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு கார்குழலி மலர்க்கொடியின் குடிசைப் பக்கம் நடந்தாள். வாசலில் கம்பில் ஒரு பறி தொங்கியது. பனையோலையில் முடைந்த கூடை, பிடித்த இறாலைப் போட்டுக்கொள்வது. இந்தக் குப்பத்துப் பெண்களுக்கு வலை கிடையாது. சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள். மலர்க்கொடியின் உதட்டோரத் தழும்பு வெற்றிலை இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கார்குழலி பறிக்குள் விரலை விட்டாள். விரல் நகத்தில் களிமண் வந்தது. உள்பக்கம் முழுக்க அப்பியிருந்தது.

"இறால் பிடிக்கிற பறியில களிமண் எதுக்கு மலர்க்கொடி?"

அவள் கழிமுகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீர் ஏற இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாலு மணி நேரம் கீது."

"அப்போ ஒரு நடை போய் உன் கன்னுங்களைப் பார்த்துட்டு வந்துடலாம். ஆறு இலை விட்டிருக்குன்னு நீதானே சொன்னே. செத்துப்போன கன்னு எப்படி இலை விடும்?"

எனக்கு ஆட்டோவில் கேட்டது ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எங்களுக்கு வழக்கைக் கொடுத்தவளே குற்றவாளி என்றால் பாதிக் கதையில் தெரிவது நல்லது. ஆட்டோவுக்குப் பெட்ரோலாவது மிஞ்சும் என்று சொல்ல வாயெடுத்தேன். மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அவள் பறியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வாயில் கூடையை வைத்திருக்கும் சாட்சியை எந்த வக்கீலாலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. நாங்கள் பின்னால் போனோம். அவள் சேற்றின் மேல் நடந்தாள், கார்குழலி சேற்றில் நடந்தாள், நான் சேற்றுக்குள் நடந்தேன். ஒரு செருப்பை அங்கேயே தர்மம் செய்தேன்.

ஓடையைத் தாண்டி, ராட்சசக் குழாய்களுக்கு அடியில் குனிந்து, அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் செத்த மரங்கள். இடுப்பு உயரத்துக்கு எண்ணெய் ஏறிய கறுப்பு அப்படியே கோடு போட்டிருந்தது. ஒன்றில்கூட இலை கிடையாது. அந்தக் கறுப்பு மரங்களுக்கு நடுவே, அவற்றின் கிளை நிழலில், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. முழங்கால் உயரக் கன்றுகள். உட்கார்ந்து எண்ணினேன். ஆறு இலை. அடுத்தது ஆறு. அதற்கடுத்தது எட்டு.

மலர்க்கொடி பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"பன்னெண்டு பொம்பளைங்க. நாப்பது நாளு. நீர் வத்தும்போது எறா புடிக்கப் போறா மாதிரி போவோம். பறிக்கு ரெண்டு, மூணு கன்னு, ஒரு நாளிக்கு மூணு நட. அங்கயே செத்துப் பூட்டதக் கரையில போட்டோம். உசுரோட கீறத இங்க இட்டாந்தோம். கம்பெனிக்காரங்க போட்டோ புடிக்கத்தான் வருவாங்க. குச்சி நின்னா அவங்களுக்குப் போதும்."

"இந்த இடம்னு எப்படித் தெரிஞ்சுது? எண்ணெய் இங்கேதானே அதிகமா வந்தது?"

"கால்ல தெரியும் யக்கா. எண்ணெ கீற சேறு வழுக்கும். ரெண்டு மழைக்கு அப்புறம் இங்க வழுக்கல. நண்டும் வந்திச்சி. அப்பால நட்டோம்."

கன்றுகள் நேர்வரிசையில் இல்லை. அரை அரை வட்டமாக இருந்தன. இறால் துழாவும் பெண் சேற்றில் உட்கார்ந்து, கை எட்டும் தூரத்தை இடமிருந்து வலமாக அரைவட்டமாகத் தடவுவாள். பிறகு ஓரடி முன்னே நகர்வாள். அதே மாதிரி உட்கார்ந்தே நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு அரைவட்டத்துக்கும் நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும்.

"போலீசு பொம்பளைங்கள இட்டுனு போவப்போறாங்கன்னு பேச்சு வந்திச்சி. அவுரு எழுந்து போயி நான்தான்னு சொல்லிட்டாரு" என்றாள் மலர்க்கொடி. "அந்தக் கைய வெச்சிக்கினு ஒரு கன்னு எடுக்க முடியுமா அவரால? யாராவது கைய அவுத்துப் பாத்தாங்களா?"

கார்குழலி குனிந்து ஒரு கன்றின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வெள்ளிக்கிழமை குழுவை இங்கே கூட்டிட்டு வர்றேன்."

"வாணாம் யக்கா."

"உயிரோட இருக்கிறதைக் கண்ணால பார்த்துட்டா அழிச்ச கேஸ் நிக்காது. அன்னைக்கே உடைஞ்சிடும்."

"அவங்க பாத்தா இதுவும் அவங்களுது ஆயிடும்."

"நான் இருக்கேன்ல."

அந்த இரண்டு வார்த்தையை அவள் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. மலர்க்கொடிக்கும் வந்திருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தால் என் தலையை நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை காலை குப்பத்துப் படகு ஒன்றில் கிளம்பினோம். குழுவின் தலைவர் டாக்டர் சௌமியா, கடல் உயிரியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; முதலில் வேறோர் இடம் பார்க்க வேண்டும் என்று கார்குழலி கேட்டதற்கு ஒத்துக்கொண்டிருந்தார். கம்பெனி சார்பில் பிரகாஷ். கார்குழலி, நான், படகின் பின்முனையில் மலர்க்கொடி. எங்கே போகிறோம் என்று பிரகாஷுக்குச் சொல்லவில்லை. காலியான திட்டைக் காட்டி அனுதாபம் வாங்கும் தயாரிப்போடு வந்திருந்தார். கையில் குவியலின் பெரிய போட்டோ.

சாம்பல் மேட்டைத் திரும்பியதும் பச்சை தெரிந்தது.

டாக்டர் சௌமியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படகிலிருந்து இறங்கி ஒரு கன்றின் அடியில் விரலால் மண்ணைக் கிளறி முகர்ந்தார். "நான் இந்தக் கழிமுகத்தைப் பத்தி முப்பது வருஷம் வகுப்பெடுத்திருக்கேன்" என்றார். "இந்த உயரத்துல, இந்த நிழல்ல நடணும்னு எனக்குத் தோணியிருக்காது. நட்டவங்களுக்கு நீரோட்டம் என்னைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கு."

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

பிரகாஷ் கையிலிருந்த போட்டோவையும் கன்றுகளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். பதினேழு வரைக்கும் வந்தபோது அவர் போட்டோவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

"இதுதான் மேடம் எங்களோட இரண்டாவது கட்டம்" என்றார். "இடமாற்று நடவு. சர்ப்ரைஸா காட்டலாம்னு இருந்தோம்."

"அப்போ கன்றுகளை அழிச்சிட்டாங்கன்னு நீங்க கொடுத்த புகார்?" என்றார் டாக்டர் சௌமியா.

"ஃபீல்டு ஸ்டாஃப் விவரம் தெரியாம கொடுத்தது மேடம். இன்னைக்கே வாபஸ் வாங்கிடறோம். பாவம், அந்த ஆளும் ஏதோ பயத்துல ஒத்துக்கிட்டிருக்கான்."

கார்குழலி வாயைத் திறந்தாள். பிரகாஷ் படகில் ஏறக் கை கொடுப்பவர்போல அவள் பக்கம் சாய்ந்தார். குரல் எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்டது.

"யோசிச்சுப் பேசுங்க மேடம். நாங்க மாத்தி நட்டோம்னா அது வேலை. வேற யாராவது மாத்தி நட்டாங்கன்னா அது திருட்டு. ஒவ்வொண்ணும் நம்பர் போட்ட கன்னு. எத்தனை பொம்பளைங்கன்னு போலீஸ் எண்ணிக்கும்."

கார்குழலியின் வாய் திறந்தபடியே இருந்தது. போலீஸ் வேலையில் பதினாறு வருஷம் இருந்தவள். எந்தப் பொறியில் யார் காலை வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்தப் பொறியை அவளே தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தாள்.

"ஒரு விஷயம் புரியலை" என்றார் டாக்டர் சௌமியா. "ஏன் வரிசையா இல்லாம அரைவட்டமா இருக்கு?"

"நவீன முறை மேடம். காற்றோட்டத்துக்கு."

டாக்டர் சௌமியா பிரகாஷின் வெள்ளை ஷூவைப் பார்த்தார். பிறகு படகின் பின்முனையில் இருந்த மலர்க்கொடியின் கைகளைப் பார்த்தார். நகக்கணு எல்லாம் சேறு ஏறிக் கறுத்த கைகள். அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்வேன். கையிலிருந்த படிவத்தைப் பிரித்தார். நட்டவர் என்ற கட்டத்தில் கம்பெனியின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அவர் பேனாவை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கீழே உள்ள கட்டத்துக்குப் போய் "மிக நன்று" என்று எழுதினார்.

எனக்கு அந்த அம்மாள் மேல் கோபம் வந்தது. கார்குழலி மேல் அதைவிட அதிகமாக வந்தது. தலையாட்டிய என் மேலும் வந்தது. கோபத்துக்கா பஞ்சம்.

மத்தியானம் கம்பெனியின் கன்டெய்னர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி. போட்டிருந்தது. மேஜையில் ஒரு காகிதம் டைப் செய்து தயாராக இருந்தது. பிரகாஷ் வாசித்தார். மேட்டங்குப்பம் மலர்க்கொடி ஆகிய நான் மேற்படி இடத்துக்கு ஒருபோதும் சென்றதில்லை. எந்தக் கன்றையும் தொட்டதோ நட்டதோ இல்லை. அவற்றில் எனக்கோ என்னைச் சேர்ந்தவர்களுக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லை.

"இதுல ஒரு கையெழுத்து. புகாரைத் திரும்ப வாங்கின லெட்டர் உடனே ஸ்டேஷனுக்குப் போகும்."

"நான் நடலன்னு நானே எழுதித் தரணுமா?" என்றாள் மலர்க்கொடி.

"ஃபார்மாலிட்டிதாம்மா."

"அப்பால சும்மா போயி பாக்கலாமா? தொடாம?"

"வேலி போடறோம்மா. பாதுகாக்கப்பட்ட பகுதின்னு குழுவே பரிந்துரை பண்ணியிருக்கு."

"எறா எடம்?"

"அந்தத் திட்டு காலியாத்தானே இருக்கு. மறுபடி நாலாயிரம் கன்னு நடறோம். குச்சியெல்லாம் நல்லா இருக்கே, வீணாக்க வேண்டாம்."

தப்புச் செய்துவிட்டு நான் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டவர்களை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய நல்ல காரியத்தைச் செய்யவில்லை என்று எழுதித் தரச் சொல்லி அன்றுதான் பார்த்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்து அந்த ஆள் வாயில் திணிக்க வேண்டும்போல இருந்தது. ஏ.சி. அறையில் சேற்றுக் காலோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"போடாதே மலர்க்கொடி" என்றாள் கார்குழலி. "கோர்ட்டுக்குப் போகலாம். அந்த அரைவட்டம் ஒண்ணு போதும். அதை வெச்சே நிரூபிச்சுக் காட்டறேன்."

"எவ்ளோ நாளாவும் யக்கா?"

கார்குழலி மேஜை மேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"அவுரு கைக்கு உள்ள மருந்து போடறாங்களா?"



மலர்க்கொடி பேனாவை வாங்கிக்கொண்டாள். பெயரை எழுத்துக் கூட்டி முழுசாக எழுதினாள். எழுதி முடித்து, காகிதத்தில் விரல் பட்ட இடத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சேலை முனையால் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் புழல் வாசலில் ஆட்டோவை நிறுத்தியிருந்தேன். கார்குழலி மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. வழக்கு முடிந்தது என்று பதிவேட்டில் எழுதச் சொன்னேன். நீ எழுது என்றாள். நானும் எழுதவில்லை.

சின்னக் கதவு திறந்து அப்பாவு வெளியே வந்தான். கையில் அதே துணி, இன்னும் அழுக்காக. மலர்க்கொடி போய் எதிரே நின்றாள். களிம்பு டப்பாவைத் திறந்து அங்கேயே அவனை உட்கார வைத்துத் துணியை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கன்னு எப்டி கீது?" என்றான்.

கேட்பதற்கு அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. சிறைக் காவலர்கூட உள்ளே போய்விட்டார். மலர்க்கொடி தலை நிமிரவில்லை. வெடித்த விரல்களில் ஒவ்வொன்றாகக் களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எந்தக் கன்னு?" என்றாள்.

கார்குழலி ஆட்டோவுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கிப் போய் அப்பாவுவின் பையை வாங்கிக்கொண்டேன்.